உச்சிப்பூவுக்கு ஒரு தொப்பி

சித்தியின் கை சும்மா இருக்காது. அதுவும் மக்காச்சோள வயலில் பூப் பிடுங்கும் நாட்கள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உச்சியில் எது நீட்டிக்கொண்டு நின்றாலும் பிடித்து இழுத்துவிடும். முந்தாநாள் பக்கத்து வீட்டு ரேடியோவின் ஏரியல் கையோடு வந்துவிட்டது. நேற்று தலைகீழாகச் சாத்தியிருந்த துடைப்பத்தில் பாதிக் குச்சி போயிற்று.

இன்று காலையில் மாட்டியது ஊக்குவின் தலைமுடி. உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள், பாவம்.

"சித்தி, அது என் முடி."

"மன்னிச்சுக்கோடி. கண்ணு பார்க்குது, கை இழுத்துடுது. நடுவுல மூளை வந்து சேர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுடுது."

ஊக்கு என்பது பட்டப்பெயர். அவளுக்கு வயது பத்து. ஒல்லியாக இருப்பாள், ஓயாமல் கேள்வி கேட்டுக் குத்துவாள். அதனால் தையல் மாமா வைத்த பெயர் அது. இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஊக்குவின் அம்மாதான் பூப் பிடுங்கும் கூட்டத்துக்குத் தலைவி. சித்தியும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள். பொழுது விடியும்போது வயலில் இறங்குவார்கள். இலையில் இருக்கும் ஈரம் சட்டையை நனைக்கும். அது காய்வதற்குள் வேர்வை நனைத்துவிடும். சோள இலையின் ஓரம் அரம் மாதிரி கையைக் கீறும். கீறின இடத்தில் வேர்வை பட்டால் எரியும். அதற்காகவெல்லாம் நின்றால் வரிசை முடியாது.

எதற்காகப் பூவைப் பிடுங்க வேண்டும் என்று ஊக்கு ஒருநாள் கேட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்தாள்.

"இது தின்னுற சோளம் இல்ல, விதைச் சோளம். நாலு வரிசை அம்மாச் செடி, ஒரு வரிசை அப்பாச் செடி. ரெண்டும் வேற வேற ஜாதி. எல்லாச் செடிக்கும் உச்சியில ஒரு பூ வரும். அதுலேர்ந்து மஞ்சத் தூள் கொட்டும். இடுப்புல கதிர் வரும், அதோட நுனியில பட்டு நூல் தொங்கும். தூள் அந்த நூல் மேல விழுந்தாத்தான் கதிர்ல மணி பிடிக்கும்."

"சரி."

"அம்மாச் செடியோட உச்சிப்பூவ, பிரியறதுக்கு முன்னாடியே நாங்க பிடுங்கிடுவோம். அப்ப அப்பா வரிசைத் தூள் மட்டும்தான் விழும். அந்த விதைய வாங்கி நட்டா எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாள்ல பூ, ஒரே அளவுக் கதிர். உங்க ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி."

"வேற ஒரு சோளத்துத் தூள் வந்து விழுந்தா?"

"யூனிஃபார்ம் வரிசையில ஒருத்தி மட்டும் பூப்போட்ட சட்டையில வந்து நின்ன மாதிரி. அவ்வளவுதான், மொத்த விதையும் கெட்டுப் போச்சுன்னு தள்ளிடுவாங்க."

அந்த வேற சோளம் எங்கேயோ தூரத்தில் இருக்கும் என்றுதான் ஊக்கு நினைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது தையல் கடை வாசலில் ஒரு பைக் நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் வயல், இந்தப் பக்கம் கடை. கடையில் ஒரு மிஷின், ஒரு மேஜை, அளவு எடுக்கும் இடத்தை மறைக்க ஒரு பெரிய திரை. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வாசற்படியில் சிமெண்ட் வெடித்திருந்த இடத்தில் ஒரு மக்காச்சோளச் செடி நின்றது. தண்டு கருஞ்சிவப்பு. மாமாவை விட உயரம்.

அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றவர் வயல் ஆபீசர். விதைக் கம்பெனி ஆள். முழங்காலில் பேண்ட் கிழிந்திருந்தது. ஷூவில் சேறு.

"இத யார் நட்டது?"

"யாரும் நடல" என்றார் தையல் மாமா, மிஷினை நிறுத்தாமல். "தைக்க வந்த ஒரு சட்டைப் பையிலேர்ந்து ஒரு கறுப்பு மணி விழுந்துது. பெருக்கி வெளிய தள்ளினேன். அது போக மாட்டேன்னு இங்கேயே பிடிச்சுக்கிச்சு."

"இது கறுப்புச் சோளம், அண்ணே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பூ பிரிஞ்சுடும். காத்து இங்கேர்ந்து நேரா எங்க வயலுக்கு அடிக்குது. பிடுங்கிடுங்க."

மிஷின் நின்றது.

"உங்க வண்டி என் வாசல்ல வெளிச்சத்த மறைச்சுட்டு நிக்குது. அதப் பிடுங்கி எறிஞ்சேனா நான்?"

"கோபப்படாதீங்க. பூ பிரிஞ்ச பிறகும் இது இங்க நின்னா, வயல் விதைக்கு ஆகாதுன்னு நான் எழுதித்தான் ஆகணும். எனக்கு மேல இருக்கறவங்க என்னைக் கேப்பாங்க. நாளைக்குக் காலையில வர்றேன்."

பைக் போய்விட்டது. ஊக்கு படியில் உட்கார்ந்தாள்.

"ஒரு செடிதானே மாமா?"

"ஒண்ணுதான். அதனாலதான்." மாமா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "இத்தனை வருஷம் இந்த வாசல்ல யாராவது நின்னு பேசிப் பார்த்திருக்கியா? துணியக் குடுப்பாங்க, எப்ப வேணும்னு சொல்லுவாங்க, போயிடுவாங்க. இது வளர ஆரம்பிச்ச பிறகுதான் 'என்ன, உங்க பயிர் எப்படி இருக்கு'ன்னு நிக்கறாங்க. நேத்து ஒருத்தர் உக்காந்து டீயே குடிச்சுட்டுப் போனார். கதிர் பிடிச்சு ஒரே ஒரு தடவ உரிச்சுப் பார்க்கணும். வேற ஒண்ணும் கேக்கல நான்."

ஊக்கு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தால், செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"ஒரே இழுப்பு அக்கா" என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் ஊசி கோக்கறதுக்குள்ள பிடுங்கிட்டு வந்துடறேன்."

"அடுத்தவங்க வாசல்ல கை வைக்காதே" என்றாள் அம்மா. "அது நம்ம வயல் இல்ல."

"அப்ப வயல் போகட்டுமா? இதத் தள்ளிட்டா அடுத்த பருவம் கம்பெனி இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. போன வருஷம் மாதிரி மூட்டையோட மூட்டையா லாரியில ஏறி வெளியூர் போகணும்."

போன வருஷம். ஊக்குவுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மாவும் சித்தியும் கூட்டத்தோடு எங்கேயோ தூரத்து வயலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பா சமையலில் உப்புப் போட மறப்பார். நினைவு வந்தால் இரண்டு தடவை போடுவார். அதுகூடப் பரவாயில்லை. அம்மா தினமும் வேலை முடிந்து போன் பண்ணுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். ஊக்கு போனை வைக்காமல் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா அலமாரி மேலிருந்து நீலப் பையை எடுத்தாள். போன வருஷம் கொண்டுபோன அதே பை. ஜிப் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இதத் தையல் கடையில குடுத்துட்டு வா. எதுக்கும் இருக்கட்டும்."

ஊக்கு பையை வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு பிரியப் பிரிய, மஞ்சள் தூள் தரையில் கொட்டியது.

"துண்டு கட்டலைன்னா இதெல்லாம் தலைக்குள்ள பூந்து அரிச்சே கொன்னுடும்" என்றாள் அம்மா.

"துண்டத் தாண்டி உள்ள வராதா?"

"கெட்டியான துண்டு. வராது."

"அப்ப தூள் உள்ள இருந்தா வெளிய போகாதுல்ல?"

"என்ன கேள்வி இது?"

பதில் சொல்ல ஊக்கு அங்கே இல்லை. பை காற்றில் பறக்க, தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மாமா அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "பிடுங்கிட்டு வரச் சொன்னாங்களா?"

"இல்ல மாமா, ஜிப்பு." பையை மேஜையில் வைத்தாள். மூச்சு வாங்கினாள். "மாமா, நீங்க தொப்பி தைப்பீங்களா?"

"தைப்பேனே. யாருக்கு?"

ஊக்கு செடியைக் காட்டினாள்.

மாமா செடியைப் பார்த்தார். ஊக்குவைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதன் மேல் ஏறி, உச்சிப்பூவைச் சுற்றி அளவு நாடாவை ஓட்டினார். இன்னும் பிரியாத பூ, குடைபோலக் குவிந்து நின்றது.

"வளர்ற பிள்ளை. கொஞ்சம் தளர்வா வைக்கணும்" என்றார்.

முதலில் ஒரு துணியை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார்கள். நூலுக்கு நூல் வெளிச்சம் தெரிந்தது. கெட்டித் துணி ஒன்று இருந்தது. அது மழையில் நனைந்தால் செடி கனம் தாங்காமல் வளைந்துவிடும் என்றார் மாமா. கடைசியில், அளவு வெட்டுவதற்காக வைத்திருந்த, தண்ணீர் ஊறாத பழுப்புத்தாளை உருவினார். அதை வெட்டி, மடித்து, மிஷினில் வைத்து ஓட்டினார்.

"ஊசி போன ஓட்டை வழியா தூள் போகாதா மாமா?"

"குத்திட்டியா? உனக்குச் சரியாத்தான் பேர் வச்சேன்." தையல் மேலே பசை தடவி இன்னொரு தாள் ஒட்டினார். அடியில் தண்டோடு சேர்த்து மடித்துப் பிடிக்க ஊக்குகள் மாட்டினார்கள். கொஞ்சம் தாள் மிச்சம் இருந்தது. மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. அதில் ஒரு காலர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வயல் ஆபீசர் வந்தார். செடியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்டூல் மேல் ஏறி விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவினார். படியோரம் அம்மாவும் சித்தியும் நின்றார்கள். புத்தகப் பையைக் கட்டிப் பிடித்தபடி ஊக்கு நின்றாள்.

"எங்க ஆராய்ச்சித் தோட்டத்துலயும் இப்படித் தாள் உறை போடறது உண்டு" என்றார் கடைசியில். "ஆனா காலர் வச்சு நான் பார்த்ததில்ல."

"அப்ப பிடுங்க வேண்டாமா சார்?"

"தினமும் வந்து பார்ப்பேன். ஒரு கிழிசல் இருந்தாலும் செடி போயிடும். சரியா அண்ணே?"

மாமா அவர் முழங்காலைக் காட்டினார். "கிழிசலப் பத்திப் பேசற ஆளு. நாளைக்கு வேற பேண்ட் போட்டுட்டு வந்து இதக் கழட்டிக் குடுங்க. தச்சுத் தர்றேன்."

அதன் பிறகு கடை வாசலில் கூட்டம் குறையவே இல்லை. தொப்பி போட்ட செடியைப் பார்க்க யார் யாரோ நின்றார்கள். சிலர், வந்ததுதான் வந்தோம் என்று பட்டன் தைத்துக்கொண்டும் போனார்கள். தொப்பிக்குள் பூ பிரிந்துவிட்டது. தட்டினால் உள்ளே பொலபொலவென்று சத்தம் கேட்டது.

ஒருநாள் காலையில் மாமா ஊக்குவைக் கூப்பிட்டார். கதிரின் நுனியில் சிவப்புப் பட்டு நூல் குஞ்சம் குஞ்சமாக வந்திருந்தது.

"எல்லாம் சரி. தூள் மொத்தமும் மேல தொப்பிக்குள்ள இருக்கு. நூல் கீழ இருக்கு. அப்ப மணி எப்படிப் பிடிக்கும்?"

ஊக்கு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். இதை அவள் யோசிக்கவே இல்லை.

"சாயங்காலம் சொல்றேன் மாமா."

அன்று பள்ளியில் டீச்சர் கேட்ட எந்தக் கேள்வியும் அவள் காதில் விழவில்லை. சாயங்காலம் திரும்பும்போதும் பதில் கிடைத்தபாடில்லை. சாலையில் அம்மாவின் கூட்டம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கால் தன்பாட்டுக்கு நடந்தது. கண் பாதி மூடியிருந்தது. சித்தி கடைப் படியோரம் நடந்து வந்தாள். அவள் தலைக்குச் சற்று மேலே ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது.

கை போய்விட்டது.

சட்டென்று ஒரு சத்தம். சித்தி இரண்டடி நடந்த பிறகுதான் நின்றாள். அவள் கையில் தொப்பி இருந்தது. தொப்பிக்குள் பூ இருந்தது. செடியின் உச்சி மொட்டையாக இருந்தது.

மாமா வாசலுக்கு வந்து பார்த்தார். உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். ஊசிக்கு அடியில் துணியே இல்லை. மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள் சித்தி. குரல் அழுகிறமாதிரி வந்தது. "கைதான் அண்ணே பிடுங்குச்சு. நான் இல்ல." தொப்பியைத் திறந்து பூவை வெளியே எடுக்கப் போனாள்.

"சித்தி, ஆட்டாதே" என்றாள் ஊக்கு. "தொப்பியத் திறக்காதே. அப்படியே பிடி."

சித்தி சிலை மாதிரி நின்றாள். ஊக்கு அருகில் போய்த் தொப்பியை மெல்ல விரலால் சுண்டினாள். உள்ளே பொலபொலவென்றது.

"மாமா, வெளிய வாங்க. மேல இருந்த தூள் இப்ப நம்ம கைக்கு வந்துடுச்சு. கீழ கொண்டு போய் நூலுக்குப் போட்டுடலாம்."

மிஷின் நின்றது.

"காத்து அடிக்குதேடி" என்றாள் அம்மா. "திறந்தா வயலுக்குப் போயிடும்."

"சுத்தி மறைச்சுக்கலாம் அம்மா. உங்க துண்டெல்லாம் குடுங்க."

"எங்க துண்டு வேண்டாம். அது பூரா வயல்தூள். வேற துணி வேணும்."

மாமா ஒரே இழுப்பில் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் இருந்த பெண்கள் அதைப் பிடித்துச் செடியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே அம்மாவும் ஊக்குவும் மட்டும். அம்மா தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஊக்கு தொப்பியின் வாயை இறுக்கிப் பிடித்து, கதிரின் மேல் கவிழ்த்தாள்.

அந்த நேரம் பார்த்து பைக் சத்தம் கேட்டது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் வயல் ஆபீசர்.

"எட்டிப் பார்க்காதீங்க சார்" என்றாள் சித்தி. "காத்து வரும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் பைக்கை ஓரமாக நிறுத்தினார். தன் மழைக்கோட்டைக் கழற்றி, காற்று வரும் பக்கம் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப குலுக்கு" என்றார் வெளியிலிருந்து. "பலமா வேண்டாம். குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி."

ஊக்கு குலுக்கினாள். தாளுக்குள் மழைத்தூறல் மாதிரி கேட்டது.

குலுக்கி முடித்ததும் பூவை உள்ளே வைத்தே தொப்பியைக் கதிருக்குச் சட்டையாக மாட்டிவிட்டார்கள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. மாமா வந்து இரண்டு மடிப்புப் பிடித்து ஊக்கு குத்தினார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"உன் கைய ஒருநாள் சட்டைப்பையோட சேர்த்துத் தச்சு விட்டுடறேன்."

"தைங்க அண்ணே. ரெண்டு நாள் லீவாவது கிடைக்கும்."

முதலில் மாமாதான் சிரித்தார்.

நாட்கள் போயின. வயல் பச்சை மாறிப் பழுப்பாயிற்று. கதிர்களை அறுத்துக் காயவைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வயல் ஆபீசர் தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். அம்மாவும் சித்தியும் ஊக்குவும் அங்கேதான் இருந்தார்கள்.

"விதை சுத்தம்னு சொல்லிட்டாங்க. ஒரு குறையும் இல்ல. அடுத்த பருவமும் இங்கேதான் வயல்."

அம்மா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அப்ப நம்ம கதிரையும் பார்த்துடுவோம்" என்றார் மாமா. கத்தரிக்கோலால் தாள்சட்டையை வெட்டினார். காய்ந்த தோலை ஒவ்வொன்றாக உரித்தார். எல்லோரும் தலையை நீட்டினார்கள்.

உள்ளே வரிசை வரிசையாகக் கறுப்பு மணிகள், பளபளவென்று, புதுப் பட்டன் தைத்தமாதிரி. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் பொக்கை.

"இங்க ரெண்டு மூணு பட்டன் விட்டுப் போச்சு" என்றாள் ஊக்கு.

"பரவாயில்ல. நானே எத்தன சட்டையில விட்டிருக்கேன்." மாமா கதிரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி கட்டித் தொங்கவிட்டார்.

"அடுத்த பருவம் இத நட்டுடாதீங்க அண்ணே" என்றார் ஆபீசர், கெஞ்சுகிற மாதிரி.

"நட்டா என்ன? அளவுதான் எங்கிட்ட இருக்கே."

கிளம்பும்போதுதான் ஊக்கு பார்த்தாள். சுவரில், ஆணியில், அந்த நீலப் பை தொங்கியது. மேலே தூசி. ஜிப் அப்படியே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மாமாவும் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, இத மறந்தே போயிட்டேன். இன்னிக்கே முடிச்சுத் தர்றேன். அவசரமா வேணுமா?"

ஊக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமா" என்றாள். "அவசரமே இல்ல."